அச்சகப் புள்ளியும் அளவை மாற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

எண் தனித்து நின்று எதனையும் அளப்பதில்லை. அதனோடு சேரும் அலகே அதற்குப் பொருள் தருகின்றது. அலகோ இயற்கை தந்ததன்று. மனிதர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு. அச்சுக்கலையில் வழங்கும் 'புள்ளி' என்னும் அலகின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அச்செழுத்துக்களின் பருமன் பெயராலேயே சுட்டப்பட்டது. 'சிசெரோ' என்னும் ஒரே பெயருடைய எழுத்து, வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் வேறுபட்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்த பாரிஸ் நகர எழுத்து வார்ப்பாளர் பியர் சிமோன் பூர்னியே, எழுத்துப் பருமன்களைப் புள்ளிகளால் கணிக்கும் அட்டவணையை 1737இல் வெளியிட்டார். பின்னர் 1780களில் பிரான்சுவா அம்புருவாஸ் டிடோ, புள்ளியை நாட்டின் முறையான நீட்டலளவையாகிய 'அரசனின் அடி'யோடு இணைத்தார். அவ்வடிக்குரிய அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு ஒரு புள்ளியாயிற்று. அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 0.376 மில்லிமீற்றராகும்.

1793இல் பிரான்சிய அரசன் சிரச்சேதம் செய்யப்பட்டான்; 1795இல் மீற்றர் முறை சட்டமாயிற்று. ஆயினும் அரசனின் அடி அச்சகத்தை விட்டு நீங்கவில்லை. எழுத்து வார்ப்புக் கருவிகள் யாவும் பழைய அளவிலேயே அமைந்திருந்தன. அவற்றை மாற்றுதல் பெருஞ்செலவை வேண்டியது. எனவே 20ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பியக் கண்டத்தில் டிடோ புள்ளியே வழங்கிற்று.

ஐக்கிய அமெரிக்க எழுத்து வார்ப்பாளர்கள் 1886இல் வேறோர் அளவை ஏற்றனர். 12 புள்ளி கொண்டது ஒரு பைக்கா. 83 பைக்கா 35 சென்ரிமீற்றர். இதன்படி ஒரு புள்ளி ஏறத்தாழ 0.351 மில்லிமீற்றர். 1984இல் வெளிவந்த 'போஸ்ற்ஸ்கிரிப்ற்' என்னும் கணினி மொழியோ, அங்குலத்தின் 72இல் ஒரு பங்கையே புள்ளியாகக் கொண்டது. 1959இல் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டிருந்தமையால், இப்புள்ளி ஏறத்தாழ 0.353 மில்லிமீற்றராயிற்று. இவ்வாறு ஒரே பெயர் மூன்று நீளங்களைக் குறிக்கலாயிற்று.

இப்பழைய சிக்கல் கணினி ஆவணங்களிலும் தொடர்கின்றது. ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும் 'எக்ஸ்.எஸ்.எல்.ரி' மொழியின் முதற் பதிப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்டது. அம்மொழிக்கு '12 புள்ளி' என்பது வெறும் எழுத்துத் தொடரே. அலகோடு கூடிய அத்தொடரை எண்ணாக்கக் கட்டளையிட்டால், 'எண்ணன்று' என்னும் விடையே கிடைக்கும். ஆதலின் நிரல் எழுதுவோர் முதலில் அலகைப் பிரித்தெடுத்து, எஞ்சிய எண்ணை உரிய விகிதத்தாற் பெருக்கி, புதிய அலகை மீண்டும் இணைத்தல் வேண்டும். 2007இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு அலகைப் பிரித்தெடுத்தலை எளிதாக்கிற்று. ஆயினும் விகிதத்தை அறிந்து வழங்கும் பொறுப்பு மனிதருடையதாகவே இருந்தது.

அப்பொறுப்பு சிறிதன்று. பழைய ஐரோப்பிய அச்சகக் குறிப்பொன்று பத்தியின் அகலம் 400 புள்ளி எனக் கூறுமாயின், டிடோ அளவில் அது 150 மில்லிமீற்றர். அதனையே கணினிப் புள்ளியாகக் கொண்டால் 141 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். கணிப்பில் பிழை இராது. பொருளிலேயே பிழை நேரும்.

இயந்திரம் பெருக்குவதற்கு வல்லது. எந்த உடன்பாட்டின்கீழ் அவ்வெண் எழுதப்பட்டது என்பதை அறிவிப்பது வரலாறேயாகும்.