ஓக்டேல் தொழிலாளர் மன்றம்

ஓக்டேல் தொழிலாளர் மன்றம்: தென்வேல்ஸில் ஓக்டேல் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்காக 1917-இல் கட்டப்பட்ட சமூகக்கூடம். அப்பகுதிச் சுரங்க ஊர்களில் பரவலாக அமைந்த தொழிலாளர் மன்றக் கட்டடங்களின் வகையைச் சேர்ந்தது. ட்ரெடீகர் இரும்பு, நிலக்கரி நிறுவனம் அளித்த கடனில் எழுந்தது. தரைத்தளத்தில் நூலகம், வாசிப்பறை, குழுக்கூட்ட அறை ஆகியவை இருந்தன. மேல்தளம் கச்சேரிக்கும் நடனத்துக்கும் சொற்பொழிவுக்கும் உரிய பெருங்கூடம். சிறுவயதிலேயே படிப்பை விட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இத்தகைய மன்றங்களின் நூலகங்களே கல்விக்கூடமாயின. இவ்வகைக் கட்டடங்களின் தலையாய சிறப்பு இதுவே எனலாம். மன்றம் 1987-இல் மூடப்பட்டது. 1989-இல் ஓக்டேல் சுரங்கமும் நின்றது. பின்னர் கட்டடம் பிரித்தெடுக்கப்பட்டு, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு, 1995-இல் திறக்கப்பட்டது.