எண்ணியவர்களின் பெயர்கள்

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ஆழ்வெளிப் படங்களைக் காணும்போது நாம் சொல்லிழந்து நிற்கிறோம். படைத்தவரின் பெருமையை எண்ணி உள்ளம் தாழ்கிறது. ஆயினும் வியப்பு எளிதில் வந்து எளிதில் மறைவது. அதன் பின்னே நிற்கும் உழைப்பை நாம் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். அவ்வுழைப்பின் வரலாற்றில் நம் திருச்சபைக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒரு கடனும் உண்டு. இரண்டையும் ஒருசேர நினைவுகூர்வது நலம்.

வானத்தைப் பங்கிட்டவர்கள்

1887 ஆம் ஆண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வானியலறிஞர்கள் பாரிசு மாநகரில் கூடினர். ஒளிப்படக் கலை அன்று வளர்ந்துவந்த கலை. அதன் துணையால் வானம் முழுவதையும் கண்ணாடித் தகடுகளில் பதிவுசெய்து, ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் அளந்து பட்டியலிடுவதென அவர்கள் முடிவுசெய்தனர். வெறுங்கண்ணுக்குத் தென்படும் மிக மங்கலான விண்மீனைவிட நூறு மடங்கு மங்கலானவற்றையும் விடாது குறிக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு நாடு தனித்துச் செய்யும் வேலையன்று இது. எனவே சுமார் இருபது வானாய்வகங்கள் வானத்தை வளையம் வளையமாகப் பங்கிட்டுக்கொண்டன. நம் நாட்டில் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகமும் பின்னாளில் ஒரு பங்கை ஏற்றது.

திருச்சபை அறிவியலுக்குப் பகை என்னும் பேச்சு ஐரோப்பாவில் ஓங்கி ஒலித்த காலம் அது. அதற்கு விடையாகவே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் வத்திக்கான் வானாய்வகத்தைப் புதுப்பித்து நிறுவினார். வான நடுக்கோட்டுக்கு வடக்கே 55 முதல் 64 பாகை வரையுள்ள வளையம் அதன் பங்காயிற்று.

படமெடுப்பது ஒரு வேலை. படத்தை அளப்பது அதனினும் பெரிய வேலை. 1906 இல் இயக்குநர் பொறுப்பேற்ற இயேசு சபை அருள்தந்தை யோகான் ஹாகன், அளக்க ஆளின்றித் திகைத்தார். பிற நாட்டு ஆய்வகங்களில் பெண்கள் இப்பணியைத் திறம்படச் செய்வதை அவர் அறிந்திருந்தார். 1909 இல் பீசா பேராயர் கர்தினால் மாஃபி, மரிய பம்பினா சகோதரிகள் சபைத் தலைமைக்கு மடல் எழுதினார். நல்ல கண்பார்வையும் பொறுமையும் ஒழுங்காக உழைக்கும் இயல்பும் உடைய சகோதரியர் இருவர் தேவை என்பதே வேண்டுகோள். 1860 இலேயே வங்காளத்துக்கு மறைப்பணியாற்ற வந்த சபை அது. நோயாளரையும் ஏழைச் சிறாரையும் பேணுவதே அதன் அழைப்பு. அத்தகைய பணிக்குரிய இருவரை விண்மீன் எண்ண அனுப்புவது வீண் என்று சபை ஆலோசகர் தயங்கினர். ஆயினும் தலைமை அன்னை, வந்த வேண்டுகோளில் இறைவிருப்பத்தைக் கண்டு இசைந்தார். இருவர் நாளடைவில் நால்வராயினர்.

பதினோராண்டுத் தவம்

ஒளியூட்டப்பட்ட கண்ணாடித் தகட்டின்மேல் குனிந்து, நுண்ணோக்கி வழியே ஒரு சகோதரி ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் அளந்து உரக்கச் சொல்வார். மற்றொருவர் அவ்வெண்களை ஏட்டில் எழுதுவார். அடுத்த புள்ளி, அதன்பின் அடுத்தது. 1910 முதல் 1921 வரை இவ்வாறு அவர்கள் அளந்த விண்மீன்கள் 4,81,215. செபமாலையின் மணிகளை உருட்டிப் பழகிய விரல்களுக்கு, ஒரே செயலை மீண்டும் மீண்டும் பக்தியோடு செய்யும் அருமை தெரிந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். 1920 இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவர்களைத் தனியே வரவேற்றுத் தங்கக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார்.

இவ்வுழைப்பு வீணாயிற்றா? விண்மீன்கள் நிலையாக நிற்பனபோலத் தோன்றினும் மெல்ல நகர்கின்றன. அந்நகர்வை அறிய, இன்றைய இடத்தோடு ஒப்பிட முன்னாளைய இடமும் தெரிந்திருக்க வேண்டும். கடந்த காலத்துக்குத் திரும்பிச் சென்று அளந்துவர எந்தக் கருவியாலும் இயலாது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை விண்ணில் இயங்கி விண்மீன்களை அளந்தது. அவ்வளவுகளோடு பழைய கண்ணாடித் தகடுகளின் அளவுகளை ஒப்பிட்டு, 25 லட்சம் விண்மீன்களின் நகர்வைத் தரும் டைக்கோ-2 பட்டியல் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சகோதரியர் ஏட்டில் எழுதிய எண்களும் அதில் பயன்பட்டன.

இன்னொன்றும் உண்டு. 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி பத்து நாள் ஒரே இடத்தை உற்றுநோக்கியது. நூறு மீட்டர் தொலைவில் வைத்த டென்னிஸ் பந்து மறைக்கும் அளவே அந்த இடம். ஒளிமிக்க விண்மீன் ஒன்றும் அங்கு இல்லை. வெறும் இருட்டில் பொன்னான நேரத்தை வீணாக்குவதா என்று அன்றும் சிலர் தயங்கினர். ஆனால் அவ்விருட்டில் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் வெளிப்பட்டன. நம்மவர் சப்தரிஷி என்றழைக்கும் கூட்டத்தருகே, ஏறத்தாழ 62 பாகையில் அவ்விடம் உள்ளது. அதாவது, அச்சகோதரியர் அளந்த அதே வளையத்துக்குள். அவர்களுடைய நுண்ணோக்கியில் அந்த இடம் வெறுமையாகவே தோன்றியிருக்கும். எண்ணுவதற்கு அங்கு ஏதுமில்லை என்று கடந்து சென்றிருப்பார்கள். தம் கண்ணுக்கு எட்டாத பெருஞ்செல்வத்தின் விளிம்பில் அமர்ந்து, எட்டியதை மட்டும் பழுதின்றி அளந்து வைத்தவர்கள் அவர்கள்.

நம் கடன்

பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைக் கொட்டிய பெண்ணையும் வீண்செலவு செய்ததாகக் கடிந்துகொண்டார்கள். ஆண்டவரோ அவள் செயல் எங்கும் நினைவுகூரப்படும் என்றார். அப்பெண்ணின் பெயரை மாற்கும் மத்தேயுவும் குறிக்கவில்லை. இச்சகோதரியரின் பெயர்களும் அவ்வாறே உலகுக்குத் தெரியாமற்போயின. திருத்தந்தையரின் பெயரும் இயக்குநரின் பெயரும் வரலாற்றில் நின்றன; அளந்தவர்கள் வெறும் ‘சகோதரிகள்’ ஆயினர். ஆவணங்களை ஒழுங்குபடுத்திய இயேசு சபை அருள்தந்தை சபினோ மாஃபேயோ கண்டெடுத்த பின்னரே, 2016 இல் அப்பெயர்கள் வெளியுலகை எட்டின. எமிலியா போன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்டி, லூயிஜா பான்செரி.

ஒவ்வொரு விண்மீனையும் இறைவன் பெயரால் அறிவார் என்று நம்பும் மக்கள் நாம். அவற்றை எண்ணியவர்களின் பெயரை மறந்தது நமக்குப் பெருமையன்று. தாழ்ச்சி அவர்களுக்கு அணி. மறதியோ நமக்குக் குறை. நம் பங்குகளின் வரலாற்று மலர்களைப் புரட்டுவோம். கோவில் கட்டிய குருக்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வீடு வீடாகச் சென்று மறைக்கல்வி ஊட்டிய உபதேசியாரின் பெயரோ, பீடத் துணிகளை ஆண்டாண்டாய் வெளுத்த தாயின் பெயரோ இருக்குமா? பங்கேடுகளைக் கையில் வைத்திருக்கும் குருக்களாகிய நாமே இதற்கு முதலில் விடைசொல்ல வேண்டியவர்கள்.

இனி ஆழ்வெளிப் படமொன்றைக் காணும்போது படைத்தவரைப் போற்றுவோம். அந்த நான்கு பெயர்களையும் ஒருமுறை சொல்லிக்கொள்வோம். பின்பு நம் ஊரில் எழுதப்படாமல் இருக்கும் பெயர்களை, அவற்றை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.