தண்டட்டி முதல் டெர்மல் வரை – ஒரு காதின் வரலாறு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் ராயப்பன்பட்டி. ஒரு பக்கம் மலை, பக்கத்திலேயே சண்முகா நதி அணை, சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இந்தப் பகுதியில் ஓடும் டவுன் பஸ்களில் ஒரு காலத்தில் நாலு பாட்டிமார்களாவது தோள் வரை தொங்கும் காதோடு உட்கார்ந்திருப்பார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தண்டட்டியும் சேர்ந்து ஆடும். இன்று அந்தக் காதுகள் அபூர்வமாகிவிட்டன. 2023-ல் வெளிவந்த 'தண்டட்டி' என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்துத்தான் பல இளைஞர்களுக்கு அந்த நகையின் பெயரே தெரிந்தது.

அதே இளைஞர்கள் இன்று 'டெர்மல் பியர்சிங்' பற்றிப் பேசுகிறார்கள். தோலுக்கு அடியில் சிறு உலோகத் தகட்டைச் செருகி, மேலே ஒரு கல்லை மட்டும் மின்ன வைக்கும் நகை அது. கூடவே ஒரு புகாரும் வருகிறது: "புண் ஆறவே மாட்டேங்குது, உடம்பு அதை வெளியே தள்ளுது!" பாட்டியின் காது அத்தனை பாரத்தை அறுபது வருடம் தாங்கியது. பேத்தியின் தோலோ ஒரு சின்னக் கல்லை ஆறு மாதம் கூடத் தாங்கவில்லை. ஏன்?

பதில் வரலாற்றில் இருக்கிறது.

காது வளர்த்த விதம்

இவ்வளவு பெரிய காது ஒரே நாளில் வந்துவிடவில்லை. குழந்தையாக இருக்கும்போதே காது குத்துவார்கள். புண் ஆறியதும் துளையில் பஞ்சுத் திரியையோ சின்னக் குச்சியையோ வைப்பார்கள். பிறகு பனை ஓலைச் சுருள். சுருட்டி வைத்த ஓலை விரியப் பார்க்கும், அந்த மெல்லிய அழுத்தத்தில் துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். அதன் பிறகுதான் 'குணுக்கு' என்ற ஈய வளையம். அதன் கனத்தில் காது மெல்ல மெல்ல இறங்கும். இதைத்தான் காது வடித்தல், காது வளர்த்தல் என்றார்கள். எல்லாம் முடிய வருடக்கணக்கில் ஆகும்.

'ஓலை', 'தோடு' என்ற சொற்களே இதற்குச் சாட்சி. பனை ஓலையைக் குறித்த இந்தச் சொற்கள் பின்னால் பொன் நகைக்கும் பெயராகிவிட்டன. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் புத்தர் சிலைகளிலும் நீண்ட காதுகளைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அது பெருமையின் அடையாளம்.

நகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாம்படம் பார்ப்பதற்குக் கட்டித் தங்கம் போல இருக்கும். உள்ளே இருப்பதோ அரக்கு. அதன் மேல் மெல்லிய பொன் தகடு போர்த்தியிருப்பார்கள். தங்கமும் மிச்சம், காதுக்கும் பாரம் குறைவு.

சுஸ்ருதர் சொன்னது

காது குத்துவதால் வரும் சிக்கல்களைப் பற்றி மிகப் பழைய மருத்துவ நூல் ஒன்றே விரிவாகப் பேசுகிறது. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்ரஸ்தானம் பகுதியில் 16-ஆவது அத்தியாயம் பெரும்பாலும் காதைப் பற்றியதுதான். சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தைப் பார்த்துக் குத்த வேண்டும், துளையில் எண்ணெய் தோய்த்த திரியை வைக்க வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை இன்னும் சற்றுத் தடித்த திரியாக மாற்ற வேண்டும் என்கிறது அது.

தவறான இடத்தில் குத்தினாலோ, ஊசி சரியில்லை என்றாலோ, திரி அளவுக்கு மீறித் தடித்திருந்தாலோ வீக்கமும் வலியும் வரும். அப்போது என்ன செய்வது? உடனே திரியை எடுத்துவிடு, மருந்து பூசு, புண் நன்றாக ஆறிய பிறகு மறுபடியும் குத்து என்கிறார் சுஸ்ருதர். 'பொறுத்துக்கொள், சரியாகிவிடும்' என்று அவர் சொல்லவில்லை! உடம்பு மறுத்தால் பின்வாங்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

அறுந்த காதை ஒட்ட 15 முறைகளையும் அதே அத்தியாயம் விவரிக்கிறது. ஆறிப்போன இரண்டு ஓரங்களை அப்படியே சேர்த்துக் கட்டினால் ஒட்டாது. ஓரத்தைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கித்தான் சேர்க்க வேண்டும். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜன்களும் கிழிந்த காதில் இதையேதான் செய்கிறார்கள்.

அறுந்த காதுகள்

பாட்டிமார்களின் காது எல்லாம் சுகமாகவே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அவசரப்பட்டுப் பாரத்தை ஏற்றினால் தோல் மெலிந்து நூல் மாதிரி ஆகும், ஒரு நாள் அறுந்தும் போகும். கைக்குழந்தை பிடித்து இழுத்தாலும் போச்சு. திருடன் வெடுக்கென்று பறித்தால் நகையோடு காதும் போகும். காது அறுந்த பெண்ணை 'மூளி' என்று ஊர் ஏசியது. அந்த நகை ஒரு ஏழைப் பெண்ணின் சேமிப்பும்கூட. பிள்ளைக்குக் கல்யாணம், வயலுக்கு விதை என்று ஒவ்வொரு முடைக்கும் தண்டட்டி அடகுக்குப் போகும். வெறும் காது மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

20-ஆம் நூற்றாண்டில் காலம் மாறியது. பள்ளிக்கூடம், கிறிஸ்தவ மிஷன்கள், நகரத்து நாகரிகம், சின்னக் கம்மல் எல்லாம் வந்தன. நேற்று வரை அழகாக இருந்த காது 'பட்டிக்காட்டுக் காது' ஆனது. பல பெண்கள் வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொண்டு, அதிலேயே மறுபடி துளையிட்டுக் கம்மல் போட்டார்கள். அந்தக் காதுகளை உடம்பு ஏற்றுக்கொண்டது, ஊர்தான் ஒதுக்கியது.

உடம்பு ஏன் தள்ளுகிறது?

காது மடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு இல்லை. கொழுப்பும் இரத்த ஓட்டமும் நிறைந்த மென்மையான சதை அது. அதில் குத்தும் துளைக்கு இரண்டு வாய்கள் உண்டு. புண் ஆறும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் தோல் வளர்ந்து உள்ளே ஒரு குழாயாகிவிடும். அதன் பிறகு நகை இருப்பது தோலுக்கு வெளியில்தான். உடம்புக்கு அதனோடு சண்டை இல்லை.

டெர்மல் நகைக்கு ஒரே வாய்தான். அடித்தகடு தோலுக்கு உள்ளேயே கிடக்கிறது. உடம்பு அதை ஓர் அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், முள் தைத்தால் மெல்ல மெல்ல மேலே தள்ளுவது போல இதையும் தள்ளப் பார்க்கும். துணி உரசும் இடம், அடிக்கடி அசையும் இடம், ஆழம் போதாத துளை, நிக்கல் கலந்த மலிவான உலோகம் ஆகியவை இதை வேகப்படுத்தும். உடலுக்குள் வைக்கத் தகுந்த தரமுள்ள டைட்டானியத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது. கல் முன்பைவிட உயரமாகத் தெரியும் அல்லது ஒரு பக்கம் சாயும். சுற்றியுள்ள தோல் சிவந்து, மெலிந்து, பளபளக்கும். கடைசியில் அடித்தகடே தெரியும். இந்த நிலையில் பிளாஸ்டர் ஒட்டி அழுத்தி வைப்பதில் பயனில்லை. தெரிந்தவரிடம் போய் எடுத்துவிட்டால் சின்ன வடுவோடு போகும், தானே விழட்டும் என்று விட்டால் வடு பெரிதாகும்.

சீழ், சூடு, காய்ச்சல் இருந்தால் அது கிருமித் தொற்று. அப்போது நகையை வீட்டில் தானே பிடுங்கக் கூடாது. வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். மருத்துவரிடம் போக வேண்டும். மூன்றாவது ஆபத்து கீலாய்டு. புண்ணின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த வடு இது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

பாட்டியின் பாடம்

1957-ல் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர், தோலுக்கு அடியில் ஒரு சிறு பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதித் தோலை வளர்த்துக் காட்டினார். இன்று தீக்காயம் பட்டவர்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த முறை பயன்படுகிறது. நியூமன் அதைச் செய்ததே சிதைந்த ஒரு காதை மீண்டும் அமைக்கத்தான்! மெதுவாக இழுத்தால் தோல் வளரும் என்ற அதே உண்மையைத்தான் ஓலைச் சுருளும் ஈயக் குணுக்குமாக நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள்.

பாட்டிக்கு இரும்புக் காது ஒன்றும் இல்லை, அவரிடம் நேரம் இருந்தது. புண் ஆறிய பிறகுதான் அடுத்த படி, வலித்தால் நிறுத்து என்பதுதான் அந்தக் கலை. கடையில் பத்து நிமிடத்தில் நகையைச் செருகிவிடலாம். ஆனால் ஆறுவதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். அது 'வேண்டாம்' என்று சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.