வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்ட விஷயம்: 1648 வெஸ்ட்ஃபாலியா சமாதானம்

'யதா ராஜா ததா ப்ரஜா' என்பது நாம் எல்லோரும் அறிந்த வாக்கு. ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, அரசன் கத்தோலிக்கனா, லூத்தரனா என்பதைப் பொறுத்தே நாட்டின் மதம் அமைந்தது. உடன்படாத பிரஜை சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். அவனுக்கு இருந்த சுதந்திரம் அவ்வளவுதான். கால்வினைப் பின்பற்றியவர்களுக்கு அதில் இடமே இல்லை.

இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1618 மே மாதம் பிராக் நகரில் சக்கரவர்த்தியின் பிரதிநிதிகளைப் புராடஸ்டண்ட் பிரபுக்கள் ஜன்னல் வழியே தூக்கி எறிந்தனர். அதில் மூண்ட யுத்தம் முப்பது வருஷம் நீடித்தது. போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பல லட்சம் பேர் மடிந்தனர். மதத்தின் பெயரால் தொடங்கிய போரில், பிற்பாடு கத்தோலிக்க பிரான்ஸே லூத்தரன் ஸ்வீடனுடன் சேர்ந்து கத்தோலிக்கச் சக்கரவர்த்தியை எதிர்த்தது!

மியூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என்ற இரண்டு ஊர்களில் வருஷக்கணக்கில் பேசி, 1648 அக்டோபர் 24 அன்று சமாதானம் கையெழுத்தாயிற்று. அதன் மத ஏற்பாடுகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது, கால்வினியருக்கும் அங்கீகாரம் கிடைத்தது. இரண்டாவது, 1624 ஜனவரி 1 அன்று எந்தக் கோயில் யார் வசம் இருந்ததோ, அது அவர்களுக்கே என்று வரையறுக்கப்பட்டது. மூன்றாவது, பேரரசின் சபையில் மத விஷயங்களை வாக்கெடுத்துத் தீர்க்கக்கூடாது. இரு தரப்பும் தனித்தனியே கூடி, பேசி இணக்கம் காணவேண்டும்.

இதனால் அரசனின் கை கட்டப்பட்டது. 1697-ல் சாக்ஸனியின் அதிபதி போலந்து அரியணைக்காகக் கத்தோலிக்கராக மாறினார். ஆனால் அவருடைய பிரஜைகள் லூத்தரன்களாகவே இருந்தார்கள். போப் பத்தாம் இன்னசெண்ட் இந்த உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தும் பலனில்லை. ராஜ்ய விவகாரத்தில் ரோமாபுரியின் சொல் முன்போல் எடுபடவில்லை.

குறைகளும் உண்டு. ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் சொந்த நாடுகளில் புராடஸ்டண்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. சைலீசியாவில் மட்டும் மூன்று தேவாலயங்களுக்கு அனுமதி தந்தார்கள். அதுவும் நகர மதிலுக்கு வெளியே, மரத்தாலும் களிமண்ணாலும், கோபுரமின்றிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. அவற்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் வழிபாடு தடை செய்யப்பட்ட நாள் 1629 ஆகஸ்ட் 8. சமாதானத்துக்குப்பின், 1650 முதல், அதே தேதியை அவர்கள் சமாதானத் திருநாளாகக் கொண்டாடலாயினர். இன்று அது எல்லோருக்கும் பொதுவான விழா. அந்நகரில் விடுமுறை நாள்.

வெஸ்ட்ஃபாலியாவில் யாரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்தவர் நம்பிக்கையை எண்ணிக்கை பலத்தால் மாற்ற முயல்வதில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பல மதத்தவர் சேர்ந்து வாழும் எந்த தேசத்துக்கும் அது பொருந்தும்.