பின்னிருசின் உயரம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வடக்கே பரந்து கிடக்கும் மொஹாவி பாலைவனத்தில், கோடையில் நீர் வற்றிக் கல்லாய் இறுகிவிடும் மியூராக் ஏரியின் தரையிலே, 1930களின் தொடக்கம் முதல், சொற்ப விலைக்குப் பழைய ஃபோர்டு மோட்டார்களை வாங்கிச் சீர்திருத்திய வாலிபர்கள் வேகப் பரீட்சைகள் நடத்தினார்கள். 1937-இல் தென் கலிபோர்னியா வேகப் பரீட்சைச் சங்கம் தோன்றி அதற்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. ஹாட் ராடு என்று பின்னர் உலகம் அறிந்த இவ்வண்டிகளின் சரித்திரத்தை எழுதுவோர் எஞ்சினைப் பற்றியே விஸ்தாரமாக எழுதுவது வழக்கம். ஆனால் வண்டியின் பின்புறம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்ற விஷயத்துக்கும் அதே அளவு யுக்தியும் உழைப்பும் செலவாயின.

1932-இல் வெளிவந்த ஃபோர்டு வி-8 வண்டியின் எஞ்சின் 65 குதிரைசக்தி உடையது. ஆயினும் அதன் பின்னிருசைத் தாங்கியது, டி மாடல் காலம் முதல் மாறாதிருந்த பல தகடுகளை அடுக்கிய ஒரே குறுக்குக் கமான் பட்டைதான். வளைவு மேல்நோக்கியிருக்க, நடுப்பகுதி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இறுக்கப்பட்டு, இரு முனைகளும் ஷாக்கிள் எனும் இணைப்புகளால் இருசோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேகத்தின் பொருட்டு மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்தபோது, முழுப் பாரத்துக்கென அமைந்த அந்தப் பட்டை வண்டியை முன்னிலும் உயர்த்திவிட்டது. சக்கரச் சுற்றுக்கு அதிக தூரம் ஓடட்டும் என்று பின்னால் பெரிய டயர் மாட்டியதால் உயரம் இன்னும் ஏறிற்று. உயர்ந்த வண்டி காற்றை அதிகம் எதிர்க்கும். திருப்பத்தில் ஸ்திரமும் குறையும். ஆகவே தாழ்த்தும் வித்தை அவசியமாயிற்று.

அதற்கு அவர்கள் கண்ட உபாயங்கள் பல. பட்டையின் தகடுகளில் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுவது எளிது. ஆனால் பட்டை பலம் குன்றி, பள்ளத்தில் இருசு சட்டத்தை இடித்துவிடும். ஆதலால் விஷயம் தெரிந்தவர்கள் பிரதானத் தகட்டைக் கொல்லுலையில் காய்ச்சி, அதன் இரு முனைகளிலுமுள்ள வளையக் கண்களை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிவைத்தார்கள். தகடு எதையும் கழற்றாமலே வண்டி ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கிற்று. இதைவிடத் துணிந்தவர்கள் பின்னிருசுக்கு முன்னால் சேஸிஸையே அறுத்து, பின்பகுதியைச் சில அங்குலம் தூக்கிப் பற்றவைத்தார்கள். பட்டையும் அதன் அசைவும் கெடாமல் உடல் மட்டும் தாழ்ந்தது. ஆனால் பற்றவைப்பில் பிழை நேர்ந்தால் சட்டமே முறியும். எந்த உபாயமானாலும் மனம் மாறிப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டுமானால் மீண்டும் பட்டறைக்கே போக வேண்டும்.

1949-இல் ஃபோர்டு குறுக்குப் பட்டையைக் கைவிட்டு, பின்னால் இரு நீளப் பட்டைகளை அமைத்தது. பட்டைக்கும் இருசுக்கும் இடையே ஒரு கட்டையை வைத்து, நீண்ட யு-போல்ட்டால் இறுக்கி வண்டியைத் தாழ்த்தும் முறை அத்தகைய வண்டிகளில் பரவிற்று. ஆனால் போட்டி மிகுந்து, தாழ்வே அழகென்ற மோகம் முற்றியதால், 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியா அரசு, சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் தொங்கலாகாது என்று சட்டம் செய்தது.

இன்று காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாயமைந்த சாதனத்தில் மரையுள்ள ஒரு வளையத்தைத் திருகியே உயரத்தை மாற்றிவிடலாம். எனினும் பழைய பட்டறைக்காரர் அறிந்த விதி மாறவில்லை: பெட்ரோல் நிரப்பி, ஓட்டுநரை உட்காரவைத்து, வண்டியை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்ட பிறகே அளக்க வேண்டும், இருசுக்கும் சட்டத்துக்கும் இடையே போதிய இடமும், புரொப்பெல்லர் ஷாப்ட்டின் சாய்வும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். கண்ணுக்கு அழகான உயரம் வேறு. ஓடுவதற்குத் தகுந்த உயரம் வேறு. இரண்டும் முரண்படும்போது பின்னதையே கொள்வதுதான் விவேகம்.