‘தீவிரவாதி’ என்னும் சொல்: மணியாச்சி முதல் கோவை வரை

முன்னுரை

சமயச் சார்புடைய வன்முறை பற்றிய விவாதங்களில் தமிழில் இரண்டு சொற்கள் பெருவழக்காக உள்ளன. ஒன்று ‘தீவிரவாதம்’, மற்றொன்று ‘பயங்கரவாதம்’. நாளிதழ்களும் மேடைப் பேச்சுகளும் இவ்விரண்டையும் ஒருபொருட் பன்மொழியாகவே ஆள்கின்றன. ஆனால் இவற்றின் பொருளும் வரலாறும் வேறுவேறானவை. இவ்வேறுபாடு மறைந்த வரலாற்றை 1911ஆம் ஆண்டின் மணியாச்சிக் கொலை, 1997–98ஆம் ஆண்டுகளின் கோவை நிகழ்வுகள் ஆகியவற்றை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சொற்குழப்பம் மொழியளவில் நின்றுவிடுவதில்லை. சட்டம், சிறை, ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வு ஆகியவற்றையும் அது தொடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சொல்லும் பொருளும்

‘தீவிரம்’ என்பது அளவைக் குறிக்கும் சொல். தீவிரமான காய்ச்சல், தீவிர முயற்சி என்னும் வழக்குகளில் அது மிகுதியையும் விரைவையும் உணர்த்துகிறது. ‘பயங்கரம்’ என்பதோ பிறரிடத்து விளையும் அச்சத்தைக் குறிப்பது. எனவே, தீவிரவாதி என்னும் சொல் ஒருவர் தம் கொள்கையை எவ்வளவு அழுத்தமாகப் பற்றியிருக்கிறார் என்பதைச் சொல்லும். பயங்கரவாதி என்னும் சொல் அவர் செயல் பிறருக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லும். முன்னது கருத்தைச் சார்ந்தது; பின்னது செயலைச் சார்ந்தது.

1907ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டபோது திலகரின் வழி நின்றோரைத் தமிழ் வரலாற்று நூல்கள் ‘தீவிரவாதிகள்’ என்றும், கோகலேயின் வழி நின்றோரை ‘மிதவாதிகள்’ என்றும் குறிக்கின்றன. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியும் இப்பொருளில் தீவிரவாதிகளே. அந்நூல்களில் இச்சொல் வசைச்சொல்லாக அன்றி, ஓர் அரசியல் அணியின் பெயராகவே அமைந்துள்ளது. பள்ளிப் பாடநூலில் இப்பொருளில் இச்சொல்லைக் கற்ற மாணவர், அன்றைய நாளிதழில் முற்றிலும் வேறொரு பொருளில் அதனை எதிர்கொண்டனர். 1980களில் பஞ்சாபு நிகழ்வுகள் பற்றிய செய்திகளில் ஆயுதம் ஏந்தியோர் அனைவரும் தீவிரவாதிகள் என்றே எழுதப்பட்டனர். கருத்தைக் குறித்த சொல் செயலைக் குறிப்பதாக மாறியது.

இங்கு ‘வாதம்’ என்னும் இறுதிச் சொல்லும் நோக்கத்தக்கது. பொருள்முதல்வாதம், மார்க்சியவாதம் போன்ற சொற்களில் அது கொள்கையைக் குறிக்கும். குண்டு வைத்தல் ஒரு வழிமுறையேயன்றிக் கொள்கையன்று. ‘பயங்கரவாதம்’ என்று பெயரிட்டவுடன் வழிமுறை கொள்கையாகத் தோற்றம் கொள்கிறது. கொள்கை என்றால் அதற்கு உரியோர் யார் என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடையாக ஒரு சமயத்தின் பெயரை அடையாகச் சேர்ப்பது எளிதாகிவிடுகிறது.

மணியாச்சி, 1911

1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் நின்ற தொடர்வண்டியில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். அவர் அவ்விடத்திலேயே தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். 1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் பணியாற்றியபோது சுதேசிக் கப்பல் கம்பெனியையும் தொழிலாளர் எழுச்சியையும் ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கிருந்தது. வ. உ. சி.யின் சிறைத் தண்டனை உண்டாக்கிய சினமே கொலைக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது.

ஆயினும் வாஞ்சிநாதனின் உடலில் கிடைத்த கடிதம் அரசியல் மொழியில் மட்டும் எழுதப்பட்டதன்று. ஆங்கிலேயர் மிலேச்சராகச் சுட்டப்படுகின்றனர். சனாதன தருமத்தின் அழிவே முறையீடாகிறது. இராமனும் கிருஷ்ணனும் குரு கோவிந்தரும் நினைவுகூரப்படுகின்றனர். முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மாட்டிறைச்சி உண்ணும் பஞ்சமன் என இழிக்கப்படுகிறார். நாட்டு விடுதலை வேட்கையும் சமய உணர்வும் சாதி இழிவுரையும் ஒரே தாளில் கலந்துள்ளன. பிற்கால வாசிப்புகளில் தேசிய வரலாற்றாளர் முதலாவதையே எடுத்துக்காட்டினர். தலித்திய ஆய்வாளர் மூன்றாவதைக் கேள்விக்கு உட்படுத்தினர். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்’ இந்நிகழ்வை வழிபாட்டு நோக்கிலிருந்து வரலாற்று நோக்கிற்குத் திருப்பிய நூல்களுள் குறிப்பிடத்தக்கது.

இன்றைய அளவுகோலால் இக்கடிதத்தை வாசித்தால் அதனைச் சமயத் தீவிரவாத ஆவணம் என வகைப்படுத்துவோர் இருப்பர். ஆயினும் எவரும் அதனைக் கொண்டு ஒரு சமயத்தாரையோ ஒரு சாதியாரையோ நிலையான ஐயத்திற்கு உரியோர் எனக் கூறுவதில்லை, கூறுவது முறையுமன்று. மணியாச்சி நிலையம் இன்று ‘வாஞ்சி மணியாச்சி’ என வழங்குகிறது. ஒரு செயலைச் செய்தவரின் சமய மொழியை அவர் சமயத்தாரிடமிருந்து பிரித்து நோக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. அப்பிரிப்பு எல்லார்க்கும் வழங்கப்பட்டதா என்பதே வினா.

இவ்வழக்கில் 14 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் பின்னாளில் சிங்காரவேலரோடு பொதுவுடைமைப் பணியில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். இறுதியில் துறவு பூண்டு, அன்றைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த நந்திமலைப் பகுதியில் ஓம்கார் சுவாமியாக வாழ்ந்து 1978இல் மறைந்தார். ஒருவரையே புரட்சியாளர், பொதுவுடைமையர், துறவி என மூன்று பெயரால் வரலாறு அழைக்க நேர்ந்தது. மனிதர் மாறுவர்; அவருக்கு இடப்பட்ட முத்திரையே மாறாதிருக்கும் என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது.

கூட்டத்தின் மீதான ஐயம்

தனிமனிதரின் குற்றத்திற்கு முன்பே கூட்டத்தை ஐயுறும் வழக்கம் காலனிய ஆட்சியில் சட்ட வடிவம் பெற்றது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றத்திற்கு அறிகுறியாகக் கொண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் கைரேகைப் பதிவை எதிர்த்தபோது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1930இல், கோலார் தங்கவயலில் கைரேகைப் பதிவுக்கு எதிராகச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர். அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியார் மிகுதி. பொன் திருட்டைத் தடுப்பது நிருவாகத்தின் கவலை. திருடாதவனும் திருடனாகப் பதியப்படுவது தொழிலாளியின் கவலை. இவ்விரு நிகழ்வுகளும் பயங்கரவாதம் பற்றியன அல்ல. எனினும் பிற்காலச் சட்டங்களின் மனநிலையை அறிய இவை துணைசெய்கின்றன.

கோவை, 1997–98

1993 ஆகஸ்ட் 8 அன்று சென்னையில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 11 பேர் மாண்டனர். பாபர் மசூதி இடிப்புக்குப் பிந்தைய இப்பகைச் சூழல் கோவையில் உச்சம் கண்டது. பஞ்சாலைகளின் நலிவு, நடைபாதை வணிகப் போட்டி, இந்து முன்னணி, அல்-உம்மா ஆகிய அமைப்புகளின் வளர்ச்சி, கோட்டைமேட்டுப் பகுதியில் அமைக்கப்பட்ட காவல் சாவடிகள் உண்டாக்கிய கசப்பு என்பன அதற்குப் பின்புலமாயின.

1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொலை செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் 18 இசுலாமியர் உயிரிழந்தனர். அவர்தம் கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று, எல். கே. அத்வானி தேர்தல் கூட்டத்தில் பேசவிருந்த நாளில், நகரின் பல இடங்களில் தொடர்ச்சியாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அல்-உம்மா தடைசெய்யப்பட்டது. நீதிபதி கோகுலகிருஷ்ணன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

இங்கு இரண்டு உண்மைகளை ஒருங்கே கூற வேண்டியுள்ளது. நவம்பர்க் கொலைகள் பிப்ரவரிக் குண்டுகளை நியாயப்படுத்துவதில்லை. சந்தையிலும் தெருவிலும் நின்ற மனிதரைக் கொன்றது பயங்கரச் செயலே. அதற்கு வேறு பெயரில்லை. அதே வேளையில், நவம்பர்க் கொலைகளைக் ‘கலவரம்’ என்றும் பிப்ரவரிக் கொலைகளைப் ‘பயங்கரவாதம்’ என்றும் பிரிக்கும் வழக்கு ஆராயத்தக்கது. முன்னதில் செய்தவர் பெயரற்ற கும்பலாக மறைகின்றனர். பின்னதில் செய்தவரோடு அவர் சமயமும் பெயர் பெறுகிறது. இறந்தவர்க்கு இவ்வேறுபாடு இல்லை.

2007 ஆகஸ்ட் 1 அன்று கோவைத் தனி நீதிமன்றம் தீர்ப்பளிக்கத் தொடங்கியது. அல்-உம்மா நிறுவனர் பாஷா உள்ளிட்ட பெரும்பாலோர் குற்றவாளிகள் எனக் கண்டது. பாஷா ஆயுள் தண்டனை பெற்று 2024 டிசம்பரில் இறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிணையின்றிச் சிறையிலிருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி இதே வழக்கில் விடுவிக்கப்பட்டார். 2008ஆம் ஆண்டின் பெங்களூருக் குண்டுவெடிப்பு வழக்கில் அவர் 2010இல் மீண்டும் கைதானார். அது தனி வழக்கு. அதனைக் கொண்டு முந்தைய விடுதலையைப் பொய்யாக்க இயலாது. முந்தைய விடுதலையைக் கொண்டு பிந்தைய வழக்கை மறுக்கவும் இயலாது. ஒவ்வொரு குற்றமும் அதனதன் சான்றால் முடிவுசெய்யப்பட வேண்டும் என்பதே நீதிமுறை.

முன்முடிவின் இடர்ப்பாட்டைத் தென்காசி காட்டியது. 2008 ஜனவரியில் அங்குள்ள ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தபோது ஐயம் இயல்பாகவே ஒரு பக்கம் திரும்பியது. பின்னர்க் காவல்துறை கைது செய்தது இந்து அமைப்பைச் சேர்ந்தோரை. வாஞ்சிநாதனின் செங்கோட்டை இவ்வூருக்கு அண்மையில் உள்ளது. அமெரிக்காவிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1995 ஏப்ரல் 19 அன்று ஒக்லஹோமா நகரில் 168 பேர் கொல்லப்பட்டபோது முதல் ஐயம் மேற்காசியர் மீது விழுந்தது. செய்தவர் அந்நாட்டின் முன்னாள் படைவீரர்.

சட்டத்தின் வரையறை

1987ஆம் ஆண்டின் தடா, 2002ஆம் ஆண்டின் பொடா, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 2004, 2008, 2019 திருத்தங்கள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா ஆகியன பயங்கரச் செயலுக்கு இந்தியச் சட்டம் வழங்கிய வரையறைகள். இவை செயலையும், மக்களிடையே அச்சம் விளைவிக்கும் கருத்தையும் அளவுகோலாகக் கொள்கின்றன. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டமோ அரசியல், சமய, கொள்கை நோக்கத்தையும் வரையறைக்குள் சேர்த்தது. இந்தியச் சட்ட வாசகம் சமயத்தை இலக்கணமாகக் கொள்ளாதபோதும் பொதுவழக்கு அதனை இலக்கணமாக்கிவிட்டது.

வரையறை எவ்வளவு முதன்மையானது என்பதை இராஜீவ் காந்தி கொலை வழக்கு காட்டும். 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடாச் சட்டத்தின் பயங்கரவாதக் குற்றம் இவ்வழக்கில் அமையவில்லை என்று கண்டு, நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்து, 19 பேரை விடுவித்தது. கொலை கொலையாகவே தண்டிக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறியது. பொடாவின் கீழ் 2002 ஜூலையில் வைகோ மேடைப் பேச்சுக்காகக் கைதாகி 19 மாதங்கள் சிறையிலிருந்தார். செயலுக்காக இயற்றப்பட்ட சட்டம் சொல்லைத் தொட்டது. பயங்கரச் செயலுக்குத் துணைபுரியும் கருத்தின்றி வெறும் ஆதரவுப் பேச்சு இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்னும் விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் அளித்தது. 2004இல் பொடா நீக்கப்பட்டது. பேச்சுக்கும் செயலுக்கும் இடையில் நீதிமன்றம் இட்ட இக்கோடு, தீவிரவாதம், பயங்கரவாதம் என்னும் சொற்களிடையே தமிழ் இட மறந்த கோடே எனலாம்.

நூலும் சான்றும்

இவ்விவாதம் இலக்கிய ஆய்வாளர்க்கு நேரடித் தொடர்புடையது. 1911இல் பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களைச் சென்னை அரசு தடைசெய்தது. ஒன்று தன்வரலாற்றுக் கவிதை. மற்றொன்று காதலும் நாட்டுப்பற்றும் கலந்த கதை. மணியாச்சிக் கொலைக்குப் பிந்தைய அச்சத்தில் அரசு தமிழ் நூல்களை ஐயத்தோடு வாசித்தது.

நூறாண்டு கடந்து இலங்கையில் இது மீண்டும் நிகழ்ந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் தமிழில் பரப்புரை செய்தவர் என்பது தமிழுலகம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. ஆனால் 2020 மே மாதத்தில், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர் கைதானார். ‘நவரசம்’ என்னும் அவர்தம் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறப்பட்டது. 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் விடுதலையும் பெற்றார். ஒரு கவிதையில் பேசுவோன் யார், கவிஞன் யார், அங்கதம் எது, அறைகூவல் எது என்பன தமிழ்த்துறை வகுப்பறையில் நாள்தோறும் எழும் வினாக்கள். அவ்வினாக்களைக் கேட்கத் தவறிய வாசிப்பு ஒருவரின் ஒன்றரை ஆண்டுகளைச் சிறையில் கழியச் செய்தது.

முடிவுரை

தீவிரவாதம் கருத்தின் அழுத்தத்தையும் பயங்கரவாதம் செயலின் விளைவையும் குறிப்பன. இவ்வேறுபாடு மறைந்தபோது கருத்துடையோர் செயலுடையோராகவும், செயலுடையோரின் சமயத்தார் ஐயத்திற்கு உரியோராகவும் ஆக்கப்பட்டனர். வாஞ்சிநாதனின் கடிதத்தை அவர் சமயத்தாரிடமிருந்து பிரித்து வாசித்த தமிழுலகம் கோட்டைமேட்டு மக்களுக்கு அப்பிரிப்பை முழுமையாக வழங்கவில்லை.

சமய வெறியின் பேரால் நிகழும் கொலைகள் கற்பனையல்ல. 2022 அக்டோபர் 23 அன்று கோவைக் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தபோது நகரம் கால் நூற்றாண்டுக்கு முந்தைய அச்சத்தை மீண்டும் உணர்ந்தது. அவ்வச்சம் மெய்யானது; அதற்கு அரசு விடைசொல்ல வேண்டும். அவ்விடை செயலைச் செய்தவரை நோக்கியதாக அமைய, செயலைச் சரியான பெயரால் அழைப்பது முதற்படி. அகராதியிலும் பாடநூலிலும் இதழ்மொழியிலும் அப்பெயரைத் திருத்தமாக நிறுத்துவது தமிழாய்வாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.