துவக்கின் இடப்பக்கத்து ஓட்டை

1917 ஒக்டோபர் 8. வொஷிங்டன் நகரின் கொங்கிரஸ் ஹைட்ஸ் பகுதியில் ஒரு சுடுதளம். இராணுவ அதிகாரிகளும் சில கொங்கிரஸ் உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். றெமிங்டன் கொம்பனியில் ஆயுதம் வடிவமைக்கும் ஜோன் பெடர்சன் என்பவர் அவர்களுக்கு முன்னால் ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் துவக்கை எடுத்துச் சில வெடி வைக்கிறார். அது அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கித் திரிந்த சாதாரணத் துவக்குத்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு பக்கத்திலுள்ள போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளவேணும்.

திடீரெண்டு அவர் அந்தப் போல்ட்டை முழுசாக உருவி இடுப்புப் பைக்குள் போட்டார். ஒரு நீட்டு உறைக்குள் இருந்து வேறொரு இயந்திரத்தை எடுத்துப் போல்ட் இருந்த இடத்தில் செருகினார். அதன்மேல் 40 ரவை பிடிக்கும் ஒரு கறுத்த ரவைக்கூட்டைப் பொருத்தினார். பிறகு விசையை அமத்த அமத்த ஒவ்வொரு சன்னமாகப் பறந்தது. கையால் இழுக்கிற வேலையே இல்லை. பார்த்துக்கொண்டு நிண்டவர்களுக்கு இது வித்தை மாதிரித்தான் இருந்திருக்கும்.

ஒரு பாகத்தை மாற்றினால் ஒரு துவக்கு இன்னொரு துவக்காகும். 'பெடர்சன் கருவி' எண்டு பிறகு பேர்பெற்ற அந்தச் சாமானின் கதை இவ்வளவுதான். ஆனா அதற்குப் பிறகு அதுக்கு என்ன நடந்தது எண்டதுதான் யோசிக்க வைக்கிற பகுதி.

பாகங்களை மாற்றிப் போடலாம் என்பதே ஒரு காலத்தில் அதிசயம். 18ஆம் நூற்றாண்டில் துவக்கொண்டு உடைந்தால், கம்மாளர் அரத்தோடு குந்தியிருந்து அந்தத் துவக்குக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஒரு துண்டைச் செய்யவேணும். பக்கத்துச் சிப்பாயின் துவக்கில் இருந்து கழட்டினது இதில் ஏறாது. 1785இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளான் எண்ட பிரெஞ்சுக்காரரின் பட்டறைக்குப் போனார. பிளான் 50 துவக்குகளுக்கான சுடுபொறிகளைத் துண்டு துண்டாகக் கழட்டி வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு அகப்பட்ட துண்டுகளைப் பொறுக்கித் தானே சில பொறிகளைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அவர் உடனே ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த எண்ணத்தை அமெரிக்கத் தொழிற்சாலைகள் வசப்படுத்தப் பல பத்தாண்டுகள் எடுத்தது. ஆனா, அது கைவந்த பிறகுதான் பெடர்சன் மாதிரி ஒருவர், ஆயிரக்கணக்கான துவக்குகளுக்கும் பொருந்துற ஒரே துண்டைப் பற்றிக் கனவு காண முடிந்தது.

இராணுவங்களுக்கு இந்தக் கனவு பிடித்ததற்குக் காரணம் காசு. கையிலிருக்கிற இலட்சக்கணக்கான துவக்குகளை எறிய ஒருத்தருக்கும் மனம் வராது. 1866இல் பிரித்தானியா இதைத்தான் செய்தது. வாய்ப்பக்கத்தால் மருந்து இடிக்கும் பழைய என்ஃபீல்ட் துவக்குகளின் பின்பக்கத்தை வெட்டி, ஸ்னைடர் என்பவரின் திறந்து மூடும் பொறியைப் பூட்டியது. பிறகு மார்ட்டினி துவக்குகளுக்குக் குழலை மாற்றி .303 ரவைக்கு ஏற்றதாக்கினார்கள். ஆனா இவை ஒருவழிப் பாதை. மாற்றினால் மாற்றினதுதான். பெடர்சனின் கருவியில் புதுசு என்னெண்டால், சிப்பாயே போர்க்களத்தில் சில செக்கன்களில் மாற்றலாம், திருப்பியும் மாற்றலாம்.

அது எப்பிடி வேலை செய்தது? குழலின் துளை மாறவில்லை, .30 அங்குலம்தான். மாறினது ரவை. கருவியின் முன்பக்கத்தில், வழக்கமான பெரிய ரவையின் கோது வடிவத்தில் ஒரு குட்டிக் குழல் இருந்தது. அது ரவை இருக்கவேண்டிய அறைக்குள் போய் இருந்துவிடும். கைத்துப்பாக்கி ரவை அளவான சின்ன ரவை அதற்குள் வெடிக்க, சன்னம் துவக்கின் சொந்தக் குழல் வழியாகவே வெளியே போகும். வெறுங்கோது வெளியே பறக்க வழி வேணும். அதற்காகத் துவக்கின் இடப்பக்கத்தில் ஒரு நீள்வட்ட ஓட்டை வெட்டினார்கள். இப்பிடி வெட்டின துவக்குகளுக்கு 'மார்க் 1' எண்டு பேர்.

இதற்குக் கொடுத்த விலை பலம். பெரிய ரவையின் சன்னம் ஏறக்குறைய 9.7 கிராம், செக்கனுக்கு 800 மீற்றருக்கு மேல் போகும். சின்னதின் சன்னம் 5.2 கிராம், வேகம் 400 மீற்றர் அளவுதான். கணக்குப் பார்த்தால் சக்தி எட்டில் ஒரு பங்கு. தூரத்து இலக்குக்கு அது சரிவராது.

ஆனா பெடர்சன் நினைத்தது தூரத்தை இல்லை. பிரான்ஸில் இரண்டு பக்கமும் பதுங்குகுழிக்குள் கிடந்தது. நடுவில் சில நூறு மீற்றர் சேறும் முட்கம்பியும். அதைக் கடக்கிறவனை எதிரியின் இயந்திரத் துவக்கு அறுத்துத் தள்ளியது. கடக்கும்போது எல்லாரும் நடந்துகொண்டே இடைவிடாமல் சுட்டால் எதிரி தலை தூக்கமாட்டான் என்பது அப்போதைய யோசனை. குறிபார்த்துச் சுடப் பழக்கப்பட்டவனை, சன்னத்தை மழையாகப் பொழிகிறவனாக மாற்றுவது. மாறினது துவக்கின் ஒரு துண்டு மட்டும் இல்லை, அதைப் பிடித்திருக்கிற ஆளின் வேலையும்தான்.

இராணுவம் இதை மறைத்து வைத்தது. பத்திரங்களில் அதன் பேர் 'ஐக்கிய அமெரிக்கத் தானியங்கிக் கைத்துப்பாக்கி, கலிபர் .30, 1918 மாதிரி'. வாசிக்கிறவன் இதை ஏதோ பிஸ்டல் எண்டு நினைக்கட்டும் எண்டுதான் அந்தப் பேர். 1919 வசந்தகாலத்தில் நடக்கவிருந்த பெரிய தாக்குதலில் ஜேர்மனியர் இதை முதல்முறையாகச் சந்திக்கவேணும் என்பது திட்டம். ஏறத்தாழ 65,000 கருவிகள் செய்து முடித்தார்கள்.

1918 நவம்பர் 11 அன்று யுத்தம் நிண்டது. 1919 வசந்தகாலத் தாக்குதல் நடக்கவே இல்லை.

சமாதானத்தில் ஆறுதலாகச் சோதித்துப் பார்த்தபோது குறைகள் தெரிந்தன. சிப்பாய் கருவியையும் அதன் உலோக உறையையும் ரவைக்கூடுகளையும் மேலதிகமாகச் சுமக்கவேணும். இரண்டு விதமான ரவை வேணும். கருவியைப் போட்டால் போல்ட்டைப் பைக்குள் வைக்கவேணும். இருட்டில், சேற்றுக்குள், செல் விழுகிற நேரத்தில் அந்தப் போல்ட் தவறி விழுந்தால்? சுடுதளத்தில் காய்ந்த நிலத்தில் நிண்டு செய்து காட்டினவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தின. பயத்தில் நடுங்குகிற கை அந்தக் கணக்கில் சேரவில்லை.

1931இல் கருவியைக் கைவிட்டார்கள். வேறு ஆக்களின் கைக்குப் போகக்கூடாது எண்டு களஞ்சியத்தில் கிடந்த அத்தனையையும் நெருப்பில் போட்டார்கள். தப்பினது கொஞ்சம்தான்.

பெடர்சன் அதோடு நிற்கவில்லை. .276 கலிபரில் புது ரவையும் அதற்கான அரைத் தானியங்கித் துவக்கும் செய்தார். போட்டிக்கு நிண்ட ஜோன் கராண்டும் அதே ரவைக்குத்தான் ஒரு துவக்கு செய்திருந்தார். 1932இல் இராணுவத் தலைமை அதிகாரி டக்ளஸ் மக்கார்தர் கலிபரை மாற்றவே மறுத்தார். களஞ்சியங்களில் பழைய .30 ரவை மலைபோலக் கிடந்தது, இயந்திரத் துவக்குகளும் அதைத்தான் சுட்டன. பழைய ரவைக்கு மாற்றியமைத்த கராண்டின் துவக்கை 1936இல் ஏற்றுக்கொண்டார்கள். பழைய துவக்கை எறிய மனமில்லாத இராணுவத்திடம் பெடர்சனின் முதல் கண்டுபிடிப்பு விலைபோனது. பழைய ரவையை எறிய மனமில்லாத அதே இராணுவத்திடம் இரண்டாவது தோற்றது.

யுத்தம் முடிந்த பிறகு ஆயுதங்கள் எங்க போகும் எண்டது எங்கட தலைமுறைக்குப் புதுக் கேள்வி இல்லை. இந்தக் கதையில் அதற்கு ஒரு பதில் இருக்கு. கருவிகள் எரிந்தன, ஆனா ஓட்டை வெட்டின துவக்குகள் எரியவில்லை. வழக்கமான போல்ட்டோடு அவை சாதாரணத் துவக்குகளாகச் சேவையில் தொடர்ந்தன. பிறகு பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. இண்டைக்கும் சேகரிப்பாளர்களின் கையில் இருக்கும் மார்க் 1 துவக்குகளின் இடப்பக்கத்தில் அந்த நீள்வட்ட ஓட்டையைப் பார்க்கலாம். அது எதற்கு எண்டு தெரியாமலே அந்தத் துவக்கைத் தோளில் சுமந்த சிப்பாய்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!